முடிச்சு

சம்மாந்துறையின் மிச்சம் முழுக்க
எங்கள் ட்ரக்டர் பெட்டியில்தான் போகும்.
நூஹுலெப்பை ஓட்டுவார்.
நானும் சறூக்கும் பின்னால் தொங்கிக்கொண்டு
கையுறை ஓட்டையால்
ஊரைத் தொட்டுப் பார்ப்போம்.

ஒரு பையைத் தூக்கினால் போதும்,
வீட்டைச் சொல்லிவிடுவேன்.
இங்கே நேற்று விருந்து: பாதிச் சோறு, கடிபடாத கோழிக்கால்.
இங்கே புதுப் பிள்ளை: பம்பர்ஸ், செம கனம்.
இந்த வீட்டுப் பிள்ளைகள் கட்டாரில்:
ஒரு யோகட் கோப்பை, ஒரு குளிசை அட்டை,
அதையும் கழுவித்தான் போட்டிருப்பார்கள்.

என் வீட்டுப் பையைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை.
றிஸ்மியா தைக்கிறவள்.
வெட்டி மிஞ்சிய துணியில்
சிவப்புக் கரை ஒன்றைக் கிழித்து
பை வாயை இரண்டு சுற்றுச் சுற்றி
பல்லால் இழுத்து இறுக்கிவிடுவாள்.
நாய் அவிழ்க்காது. பூனை அவிழ்க்காது.
தவறி விழுந்த மோதிரத்தைத் தேடி ஒருநாள்
நான்கூடக் கத்தியால்தான் கிழித்தேன்.

கொட்டுகிற இடம்
வயல் முடிந்து
காடு தொடங்கத் தயங்குகிற இடம்.
பின்னேரம் ஆனை வரும்.
நாங்கள் பெட்டியைச் சாய்க்கும்வரை
சம்பள நாளில் வங்கி வாசலில் நிற்கிறமாதிரி
மரத்தடியில் பொறுமையாய் நிற்கும்.

மாரி விட்ட ஒரு காலை
பாதையில் கிடந்தது லத்தி.
புல்லும் விளாங்கொட்டையும் இருக்க வேண்டிய இடத்தில்
ஷொப்பிங் பை, லன்ச் சீற்,
நூடில்ஸ் உறையொன்றின் பாதி எழுத்து.
சறூக் படம் எடுக்கக் குனிந்தான்.
நான் கண்டுவிட்டேன்.
சிவப்புக் கரை. இரண்டு சுற்று.
ஓர் ஆனையின் வயிறு முழுக்க நடந்து வந்தும்
அவிழவில்லை.

வீட்டுக்கு வந்து சொல்லவில்லை.
சோறும் இறங்கவில்லை.
காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டாள்.
சட்டைப் பையிலிருந்து எடுத்து
தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன்,
கழுவித்தான்.
தன் கை என்று உடனே கண்டுகொண்டாள்.
எங்கே கிடந்தது என்றாள்.
சொன்னேன்.
அன்றைக்கு மெசின் ஓடவில்லை.

அதற்குப் பிறகு என்ன, புரட்சியா?
சண்டைதான்.
மீன்காரனிடம் சட்டியோடு போ என்றால்
"ஆம்பிள சட்டி தூக்குறதா" என்றவன் நான்.
செதிளையும் குடலையும் வாழையடியில் தாட்டோம்.
முதல் கிழமை, பக்கத்து வீட்டு முசம்மில்
மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு மேலால் முறைப்பாடு தந்தார்.
அடுத்த கிழமை பூனை தோண்டிற்று.
பிறகு ஆலையில் சும்மா கிடந்த உமியை
இரண்டு சாக்கு அள்ளி வந்து மூடினோம்,
மணம் அடங்கிற்று.
முசம்மில் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.
தன் வீட்டு மீன்குடலையும்
எங்களிடமே தந்துவிட்டுப் போகிறார்.

சின்னவளின் பம்பர்ஸுக்கு மட்டும் வழி தெரியவில்லை.
பகலில் பழைய சாரன் துண்டு.
இரவில் பம்பர்ஸ்தான், நாங்களும் உறங்க வேண்டுமே.
அதை எங்கே போடுவது என்று
யாரிடம் கேட்பது?
கேட்க வேண்டிய ஒபிசில்
நான்தான் வேலை செய்கிறேன்.

பை இப்போது மூன்று கிழமைக்கு ஒன்று.
மா பக்கற்றையும் சஷேயையும் கழுவி
உடுப்புக் கொடியில் காயவிட்டு
மணமே இல்லாமல் தருகிறாள்.
மணமில்லாததை ஆனை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிடும்,
இது றிஸ்மியாவின் கணக்கு.
ஆனைக்கும் அதே கணக்கா என்று
எனக்குத் தெரியாது.

நேற்றும் லத்தி கிடந்தது.
குச்சியால் கிளறினேன்,
இப்போது அது பழக்கமாகிவிட்டது.
எங்கள் முடிச்சு இல்லை.
நீலக் கயிறு, மூன்று சுற்று.
யாரோ ஒருத்தி
நாய் இழுக்காமல், வாசல் ஊத்தையாகாமல்,
மிகக் கவனமாய்ப்
பல்லால் இறுக்கியது.